வளைவில் இரண்டு ஹாரன்

டிரைவர் இல்லாத கார் தானாக வளைவில் திரும்புவதை மகன் போனில் காட்டினான். எனக்கு அப்பா ஞாபகம் வந்துவிட்டது; நைனா என்றுதான் கூப்பிடுவேன்.

நைனா மேல்சித்தாமூர் பஸ்ஸுக்கு டிரைவர். செஞ்சியில் எங்கள் தெருமுனை வளைவில் ஹாரனை இரண்டு தரம் அடித்தால், மதியம் சாப்பிட வருகிறார் என்று அர்த்தம். "யாராண்டயும் சொல்லாத" என்பார் என்னிடம். சத்தம் கேட்டதும் அம்மா உலை வைப்பாள்.

அவர் செத்த மறுமாதம், அதே பஸ், அதே வளைவு, இரண்டு ஹாரன். அம்மா எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

"அம்மா, அது புது டிரைவரு."

"தெரியுது. கை கேக்க மாட்டேங்குது."

அன்று வடித்த சோற்றை நாங்கள் இருவருமே தொடவில்லை.

"இந்தக் கார் ஹாரனே அடிக்காதும்மா" என்றான் மகன், பெருமையாக.

"அதுக்காக எந்த வீட்ல உலை வைக்கப் போறாங்க, அடிக்கிறதுக்கு?" என்றேன்.