பக்கத்துக் கோள்

ரோஸ்வித்தா பிளம் கேக்கைத் தட்டில் வைத்தபடியே சதுரம் சதுரமாக வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தியை வெந்நீரில் தோய்த்து வெட்டினால்தான் பழம் பிய்யாது.

மியூனிக் பக்கத்து ஆய்வுக்கூடத்தில் வருடத்துக்கு ஒருநாள் ஊராரை உள்ளே விடுவார்கள். அன்று அவள் கணவர் கோர்பினியான், ஓய்வு பெற்ற பின்னும், ஒரு மேசை போட்டு நிற்பார். பக்கத்திலேயே அவளுடைய கேக் மேசை. இன்றும் அப்படித்தான். அவர் மேசையில் கடலடிப் பாறைத் துண்டு ஒன்று. எப்போதோ வெடித்த நட்சத்திரத்தின் இரும்பு அதில் படிந்திருக்கிறது. அந்த அணுக்களை எண்ணும் இயந்திரத்தைத்தான் அவர் பணிக்காலம் முழுக்க ஓட்டினார்.

பிப்ரவரியில் மகன் வைட் மலையில் பனிச்சரிவில் சிக்கி இறந்துவிட்டான். அவன் மனைவி அன்னெலியும் சின்னப் பிள்ளை லோரென்ஸும் அதே வீட்டின் மாடியில் இருக்கிறார்கள். தினமும் மாலையில் கோர்பினியான் மாடியேறி, வைட்டின் நாற்காலியில் உட்கார்ந்து அழுவார். வடக்கே வெகுதூரத்தில் பிரெமன் நகரில் வேலை கிடைத்திருக்கிறது என்று அன்னெலி சொன்னபோது அவர் இரண்டு நாள் சாப்பாட்டைத் தொடவில்லை. அவள் அந்தப் பேச்சை விட்டுவிட்டாள்.

முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருந்த ரோஸ்வித்தாவுக்கு அன்னெலி எதனால் இளைக்கிறாள் என்று பார்த்தாலே தெரியும். தெரிந்தும் வாய் திறக்கவில்லை.

தொப்பிக்காரர் ஒருவர் பாறையைத் தட்டிப் பார்த்தார். "ஏங்க, பக்கத்துல ஒண்ணு வெடிச்சா நாம பொசுங்கிடுவோமா?"

"அவ்வளவு சுலபமா விட்டுடாது," என்றார் கோர்பினியான். "பூமி பாட்டுக்குச் சுத்திக்கிட்டிருக்கும். மேல ஓசோன்னு ஒரு போர்வை இருக்குல்ல, அது அரிச்சுப்போகும். அப்புறம் வெயிலே விஷம். கடல்ல கண்ணுக்குத் தெரியாத பொடி உயிருங்க மொதல்ல சாகும். அப்புறம் அதத் தின்னு வாழறதுங்க."

"அப்ப இது ஏன் நம்மளக் கொல்லல?"

"தூரத்துல வெடிச்சுது. அதான்."

"என் மாமியார் மாதிரி. தூரத்துல இருக்கறவரைக்கும் நல்லவங்க."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பின்னால் நின்ற அன்னெலி சிரிக்கவில்லை. லோரென்ஸ் அவள் கையை இழுத்துக் கிசுகிசுத்தான். "அம்மா, கேக்."

"சத்தமாக் கேளுடா. பாட்டி தருவாங்க."

"தாத்தா இருக்காரு. சத்தம் போட்டா அழுவாரு."

அது கோர்பினியானின் காதில் விழுந்தது. கையிலிருந்த பாறையைக் கீழே வைத்தார்.

அன்று மாலை அவர் மாடிக்குப் போகாமல் சமையலறையில் உட்கார்ந்துவிட்டார்.

"அந்தப் பொண்ணு எலும்பாப் போயிட்டா. நீ பாக்கலியா?"

"ஈஸ்டர்லேர்ந்து பாக்கறேன்."

"நர்ஸுதானே நீ? ஏன் சொல்லல?"

"எனக்கும் அந்தப் பேரப்பிள்ள பக்கத்துல வேணும்."

அவர் ரொட்டித் துணுக்குகளைக் கையால் கூட்டிக் குவித்தார். "அந்த வேலை இன்னும் இருக்கா?"

"இருக்கு. திங்கக்கெழமை பதில் சொல்லணுமாம்."

"போகச் சொல்லு."

"நீங்க போய்ச் சொல்லுங்க. நான் சொன்னா, உங்களுக்காக இருந்துடுவா."

அவர் மாடியேறினார். ரோஸ்வித்தா கீழே நின்று கேட்டாள். நாற்காலி இழுபடும் சத்தம் வரவில்லை, வாசலிலேயே நின்றிருந்தார்.

"பிரெமனுக்குப் போம்மா. நான் ஒண்ணும் ஆயிடமாட்டேன்."

அன்னெலி அழுவது கேட்டது.

மறுநாள் காலை கோர்பினியான் பரணிலிருந்து பெட்டிகளை இறக்கி, ஈரத்துணியால் துடைத்து மாடிப்படியில் வைத்தார். ரோஸ்வித்தா லோரென்ஸின் குளிர்க்கோட்டை மடியில் போட்டுக்கொண்டு, கைகளின் மடிப்பைப் பிரித்து, அடுத்த வருடத்துக்கும் ஆகிற மாதிரி நீளம் விட்டுத் தைத்தாள்.