பேழைக் கதவு திறந்து கிடந்த காலை

அன்றைக்கு ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நாங்கள் நாலு பேர் இருந்தோம். நான், என் வீட்டுக்காரரின் அக்கா, என் தம்பி, அப்புறம் சிதம்பரம் கீழ வீதியில் பூ விற்கிற ஒரு அம்மா. அந்த அம்மாவின் மகன் சேத்தியாத்தோப்பு ரோட்டில் வண்டியோடு விழுந்து காலை முறித்துக்கொண்டு உள்ளே கிடந்தான். என் வீட்டுக்காரருக்குக் குடலில் ஓட்டை. கதவுக்கு மேலே ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. அது அணைகிற வரைக்கும் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள் என்று வாட்ச்மேன் சொல்லிவிட்டார். நான் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, அண்ணாகிராமத்துப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கப் போனவள் நான். படிப்பு வராவிட்டாலும் பயம் நன்றாக வந்தது. கேஸை மூடினேனா, கதவைப் பூட்டினேனா என்று பாதி வழியிலிருந்து திரும்பி ஓடிவருவேன். கல்யாணமாகிக் கடலூருக்கு வந்த பிறகு இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. தினமும் வேலைக்குப் போகும்போது எங்கள் கோயிலுக்குள் எட்டிப் பார்ப்பேன். பூசையில் தருகிற அப்பத்தைப் பூட்டிவைக்கிற நற்கருணைப் பேழைக்குப் பக்கத்தில், சிவப்புக் கண்ணாடிக் கூண்டுக்குள் எண்ணெய் விளக்கு எரியும். அது எரிந்தால் ஆண்டவர் உள்ளே இருக்கிறார் என்று கணக்கு. ஜெபம்கூடச் சொல்ல மாட்டேன். இருக்காரா, இருக்காரு, அவ்வளவுதான். அந்த விளக்குக்கு எண்ணெய் ஊற்றுவதும் கோயிலைப் பெருக்குவதும் என் வீட்டுக்காரரின் அக்காதான். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். துடைப்பமும் கையுமாக நின்றுகொண்டு, "என்னா, இன்னிக்கி ஆஜர் எடுத்துட்டியா? சாமி வந்துருக்காரா, லீவா?" என்று கேட்பார்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் சாயங்காலமே என் வீட்டுக்காரருக்கு வயிற்றுவலி ஆரம்பித்துவிட்டது. விடிகிறபோது வயிறு பலகை மாதிரி ஆகிவிட, கடலூர் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுச் சிதம்பரத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். ஆம்புலன்சில் தம்பி ஏறிக்கொண்டான். காப்பீட்டு அட்டையை எடுக்க நான் வீட்டுக்கு ஓடினேன். திரும்பி வருகிற வழியில், எவ்வளவு அவசரமென்றாலும் கால் அதுவாகக் கோயிலுக்குள் போய்விட்டது.

விளக்கு எரியவில்லை.

அது மட்டுமல்ல, பேழையின் கதவு விரியத் திறந்து கிடந்தது. உள்ளே ஒன்றுமில்லை. பீடத்தில் துணிகூட இல்லை. வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு போனால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. அவரு பொழைக்கமாட்டாரு, அதைத்தான் ஆண்டவர் காட்டுறாரு என்று நினைத்தேன். பஸ்ஸ்டாண்டில் காத்திருந்த அண்ணியிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் அது நிஜமாகிவிடும் என்று பயம். பஸ் முட்லூர் தாண்டும் வரைக்கும் காப்பீட்டு அட்டையைக் கசக்கிக்கொண்டே இருந்தேன்.

தியேட்டர் வாசலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்க முடியவில்லை. "அண்ணி, கோயில்ல சாமி இல்ல. வெளக்கு அணைஞ்சு கெடக்குது. பொட்டி தொறந்து கெடக்குது" என்று அழுதுவிட்டேன்.

அண்ணி தலையில் அடித்துக்கொண்டார். "அடிப் பைத்தியமே, இன்னிக்கி பெரிய வெள்ளிடி. நேத்து பெரிய வியாழன் பூசை முடிஞ்சு நற்கருணைய எடுத்தாச்சு. அந்த வெளக்க அணைச்சதே நான்தான்."

பெரிய வியாழன் ராத்திரி பேழையைக் காலி பண்ணித் திறந்து போடுவது வருஷா வருஷம் நடக்கிறதுதான். சின்ன வயதிலிருந்து பார்த்ததுதான். வலியோடு துடித்தவருக்குப் பக்கத்திலேயே இருந்ததில் நான் வியாழன் பூசைக்குப் போகவில்லை, கிழமையும் மறந்துபோனது. தம்பி சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அக்கா, மாமா எழுந்து வந்ததும் இதத்தான் மொதல்ல சொல்லணும்" என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "அப்ப இன்னிக்கி ஆண்டவரு எங்கதான் இருக்காரு?" என்று கேட்டேன்.

"நீ வீட்டப் பூட்டிட்டு வந்த. உன் வீட்ல லைட்டு எரியுதா? இல்ல. அதுக்குன்னு நீ செத்தா போயிட்ட? ஆஸ்பத்திரில வந்து உக்காந்திருக்க. அவரும் அப்புடித்தான்னு வச்சுக்க" என்றார் அண்ணி.

பூக்கார அம்மா விபூதிப் பொட்டலத்தை மடித்தபடி, "எங்க ஊரு சாமி மட்டும் என்னா, ஒரு எடத்துல நிக்குதா? காலத் தூக்கிக்கிட்டேதான் இருக்குது" என்றார். அதற்கு அண்ணியே சிரித்துவிட்டார்.

ஆனால் மூன்று மணியை நெருங்க நெருங்க என் கண் கடிகாரத்துக்கும் விளக்குக்குமாக ஓடியது. ஆண்டவர் உயிர்விட்ட நேரம் அது. அந்த நேரத்தில்தான் கதவுக்கு மேலே இருந்த சிவப்பு விளக்கு பொட்டென்று அணைந்தது. அண்ணி என் கையைப் பிடித்தார். அவர் கை ஐஸ் மாதிரி இருந்தது. அத்தனை பேசிய மனுஷிக்கும் என்னளவுக்குப் பயம் இருந்ததை அப்போதுதான் தெரிந்துகொண்டேன். டாக்டர் வெளியே வந்து, "முடிஞ்சுதும்மா, பொழைச்சிட்டாரு" என்றார்.

பொழைக்காமல் போயிருந்தால் இதை இப்படி எழுதுவேனா? தெரியவில்லை. அந்தக் கேள்வி இன்றைக்கும் என்னோடு இருக்கிறது.

போன ஐப்பசியில் சர்க்கரை ஜாஸ்தியாகி அண்ணியை அதே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பக்கத்தில் இருந்தேன். "பயமாத்தான் இருக்குது. ஆனா ஒண்டியா இருக்கிற மாதிரி இல்ல" என்றார். மூன்றாம் நாள் போய்விட்டார்.

இப்போது கோயிலைப் பெருக்குவது நான். இந்த வருஷம் பெரிய வியாழன் பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் பேழையைத் திறந்தபடி விட்டுப் போனார். பீடத்துத் துணிகளை மடித்தேன். விளக்கு மட்டும் மீதி இருந்தது. கூண்டைத் தூக்கிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன். வாய் காய்ந்துபோய் ஊதவே வரவில்லை. ரெண்டாம் தடவைதான் அணைந்தது.

தெருமுனைக்கு வந்ததும் வழக்கம்போலக் கால் நின்றது. திரும்பிப் போய் ஒரு தடவை பார்த்துவிட்டு வரலாம் என்று தோன்றியது. எதைப் பார்க்க? விளக்கை அணைத்ததே நான்தான். அப்புறம் வீட்டுக்கு நடந்தேன்.