ஏரிக்கரையில் இறங்கியவர்

எங்கள் சின்னத் தாத்தா கப்பலில் செத்துப்போனவர் என்பதில் வீட்டில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. தாத்தாவின் ஒரே தம்பி அவர். முதல் உலகச் சண்டையில் பட்டாளத்தில் சேர்ந்து, கடல் தாண்டி பஸ்ராவுக்குப் போனார். திரும்பும் வழியில் காய்ச்சல் கண்டு இறந்தார். உடலைக் கடலில் போட்டுவிட்டார்கள். தாத்தா சொன்னது இவ்வளவுதான். கடலையே பார்த்திராத எங்கள் ஊரில் அதற்குமேல் கேட்க யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

அவரைப் பற்றிய பேச்சு மறுபடி எழுந்தது என் அப்பாவால். அடுத்த சண்டை வந்தபோது அப்பா பட்டாளத்து லாரி ஓட்டப் போனார். பர்மா பக்கம் இருப்பதாகக் கடிதம் வந்தது. பிறகு அதுவும் நின்றுபோயிற்று. எனக்கு அப்போது ஏழெட்டு வயது. இண்டூரிலிருந்து தபால்காரர் எங்கள் ஊருக்கு வரும் நாளில், அம்மா களியைக் கிளறுவதை விட்டுவிட்டு வாசலில் வந்து நிற்பாள். அவர் எங்கள் வீட்டைத் தாண்டிப் போன பிறகுதான் அவளுக்கு மூச்சு வரும். கடிதம் வரவில்லையே என்ற வருத்தத்தைவிட, தந்தி வரவில்லை என்ற நிம்மதி பெரிதாக இருந்த காலம் அது.

அப்பாவின் அக்கா, என் அத்தை, இளம் வயதிலேயே தாலி இழந்து எங்களோடு இருந்தாள். சும்மா உட்கார்ந்து பயப்படுவது அவளுக்கு வராது. அம்மாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு குறி கேட்கப் போனாள். பூசாரி கண்ணை மூடி வெகுநேரம் ஆடிவிட்டு, திடீரென்று நின்று சொன்னார்.

“உங்க வூட்டுல துப்பாக்கி புடிச்சவன் ஒருத்தன் தண்ணியில்லாம மண்ணுக்குள்ள கெடக்கறான். சண்டைக்குப் போனவன் கைய அவந்தான் புடிச்சிருக்கான். எடத்தக் கண்டுபுடிச்சித் தண்ணி ஊத்துங்க. உட்டுருவான்.”

வீட்டில் வந்து சொன்னபோது தாத்தா, “கடல்ல போனவனுக்கு மண்ணு ஏது?” என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்து கொல்லைக்குப் போய்விட்டார்.

பூசாரி சொன்னதை நான் அப்படியே எடுத்துக்கொண்டேன். மண்ணுக்கடியில் ஒரு கை நீண்டு என் அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. நான் நடக்கும்போதெல்லாம் அந்தக் கை என் காலடியில் எங்கோ ஓடிக்கொண்டிருப்பது போலத் தோன்றும். கிணற்றடிக்குத் தனியாகப் போவதை விட்டுவிட்டேன். படுக்கும்போது கால்களைப் பாவாடைக்குள் இழுத்துச் சுருட்டிக்கொள்வேன்.

சின்னத் தாத்தாவோடு பட்டாளத்தில் இருந்த ஒருவர் அதியமான்கோட்டையில் இருப்பது அத்தைக்குத் தெரிந்திருந்தது. தாத்தாவிடம் சொல்லாமல் என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பினாள். பெண்பிள்ளை தனியாகப் போவது நன்றாக இராது என்பதால் என்னைத் துணைக்குச் சேர்த்தாள். என் துணையால் யாருக்கு என்ன பாதுகாப்பு என்று யாரும் கேட்கவில்லை.

அந்தப் பெரியவர் காக்கிக் கோட்டு ஒன்றை வெற்றுடம்பின்மேல் போட்டுக்கொண்டு வேப்பமரத்தடியில் இருந்தார். அத்தை கேட்டதும் ஆச்சரியமாகப் பார்த்தார்.

“கப்பல்லயா? யாரும்மா சொன்னது? நாங்க ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் வந்து மொரப்பூர்ல எறங்குனோம். அவனுக்கு நல்ல காச்சல். அப்பல்லாம் தர்மபுரிக்குச் சின்ன ரயிலு ஓடுச்சில்ல, அதுல ஏறப் போனான். இருமறதப் பாத்துட்டு ஜனங்க ஏறவுடல. நான் ஏறிட்டேன்.” கோட்டை இழுத்து மார்பை மூடிக்கொண்டு, “அந்த வெசக் காச்சல்ல ஊரெல்லாம் பொணமா உழுந்துக்கிட்டிருந்த காலம் தாயி” என்றார்.

அத்தை மறுவாரமே மொரப்பூருக்குப் புறப்பட்டாள். சின்ன ரயில் அப்போது இல்லை. இந்தச் சண்டைக்கு இரும்பு வேண்டுமென்று தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போயிருந்தார்கள். கரி போட்டு ஓட்டும் பஸ்ஸில் முகமெல்லாம் கரியாகப் போய் இறங்கினோம். சின்னத் தாத்தா அங்கே ரயிலடியிலேயே விழுந்து கிடந்திருப்பார், பக்கத்தில் எங்காவது புதைத்திருப்பார்கள் என்று அத்தை எண்ணியிருந்தாள். நானும் அதையே வேண்டிக்கொண்டேன். மொரப்பூர் எங்கள் ஊரிலிருந்து வெகுதூரம்.

கடைகடையாக விசாரித்ததில், அந்த நாளில் ரயிலடியில் வாடகை வண்டி ஓட்டிய ஒரு கிழவரின் வீட்டைக் காட்டினார்கள். அவருக்குப் பார்வை போயிருந்தது. அத்தையின் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசினார்.

“பட்டாளத்துக்காரருங்களா? ஆமாங்க, நெனப்பிருக்குது. யாரும் வண்டி கட்ட மாட்டேன்னுட்டாங்க. எனக்கு அந்த வாரந்தான் பொண்டாட்டியும் புள்ளையும் போயிருந்தாங்க. இனிமே என்னா வந்தா என்னான்னு ஏத்திக்கிட்டேன். இண்டூருக்கு அந்தாண்ட ஒரு ஊரு, பெரிய ஏரி. கரையில எறக்கி உட்டனுங்க. ரெண்டு கையெடுத்துக் கும்புட்டாரு.”

அது எங்கள் ஊர். எங்கள் ஏரி.

“அப்பறம்?” என்றாள் அத்தை. அவள் குரல் எனக்குத் தெரிந்த குரலாக இல்லை.

“ஊருப் பக்கமிருந்து ஒருத்தரு கம்பு எடுத்துக்கிட்டு வந்தாரு. இவரு ‘அண்ணா’ன்னாரு. அதுக்கு மேல நான் நிக்கலைங்க.”

திரும்பும் பஸ்ஸில் அத்தை என்னைத் தன்னோடு சேர்த்து இறுக்கிப் பிடித்திருந்தாள். அத்தையே பயப்படும்போது நான் என்ன செய்வேன்? தேடத் தேட அந்த ஆள் எங்களிடமிருந்து தள்ளிப் போகாமல், பஸ்ரா, மொரப்பூர், இண்டூர் என்று எங்கள் வீட்டை நோக்கியே வந்துகொண்டிருந்தார். இப்போது நான் ஆடு மேய்க்கும் ஏரிக்கரை வரை வந்துவிட்டார். இன்னும் ஒரு எட்டுதான் பாக்கி.

வீட்டுக்குள் நுழைந்ததும் அத்தை பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. தாத்தா தறித்துப் போட்ட கற்றாழை நாரில் கயிறு திரித்துக்கொண்டிருந்தார்.

“சித்தப்பன எங்கப்பா பொதச்ச?”

தாத்தாவின் கை நின்றது. இல்லை என்று சொல்வார் என நான் எதிர்பார்த்தேன். அவர் திரித்த கயிற்றைப் பிரி பிரியாக விட்டுக்கொண்டே, தரையைப் பார்த்துப் பேசினார்.

“வூட்டுல நீங்க ரெண்டு பேரு. உன் தம்பி இந்தப் புள்ள அத்தினிதான் இருந்தான். பக்கத்து வூட்டுல ஒரே நாள்ல மூணு சாவு. அவன் வந்து நிக்கறான். ‘ஒரு தடவ வூட்டப் பாத்துட்டுப் போயிடறேண்ணா’ன்னான். கிட்ட வந்தா மண்டையப் பொளந்துருவேன்னேன். தண்ணிப் பானைய கல்லு மேல வச்சிட்டுத் தள்ளி நின்னேன். வந்து குடிச்சான். மக்கா நாளு காலையில வச்ச தண்ணி அப்படியே இருந்துச்சி.”

ஏரிக்கரைக்குக் கீழே புங்கமரத்தடியில் தனியாளாகக் குழி வெட்டியிருக்கிறார். பிறகு ஊருக்கு ஒரு கப்பலையும் கடலையும் சொல்லியிருக்கிறார்.

அத்தை சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அடுப்படியிலிருந்து அம்மா வந்தாள். தாத்தாவின் எதிரில் நிமிர்ந்து நின்று அவள் பேசியதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

“நாளைக்கு அவரும் காச்சலோட வந்தாருன்னா உள்ள உடுவீங்களா மாமா?”

தாத்தா மேல்துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

மறுநாள் காலையிலேயே புங்கமரத்தடியில் கல் நட்டோம். களியும் கருவாட்டுக் குழம்பும் படைத்தார்கள். சண்டைக்குப் போனவன் பெற்ற பிள்ளைதான் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று சொல்லி என் கையில் சொம்பைக் கொடுத்தார்கள். ஊற்றினேன். வெயிலில் வெடித்துக் கிடந்த மண் களக்களக்கென்று சத்தம் போட்டு அதைக் குடித்தது. ஒரு சொட்டு மேலே நிற்கவில்லை. சொம்பைப் போட்டுவிட்டு ஓடினேன். ஊர் எல்லை வரை என் பின்னால் யாரோ வருவது போலிருந்தது.

தண்ணீர் ஊற்றிய பிறகும் அப்பாவிடமிருந்து சேதி வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை. அந்தக் கை விடவில்லை என்று நான் நினைத்தேன். அம்மா என்ன நினைத்தாள் என்று தெரியாது, அவள் பேசுவதே குறைந்துவிட்டது. தாத்தா தன் கயிற்றுக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு போய் ஏரிக்கரையில் போட்டுக்கொண்டார். சாப்பாடு அங்கேயே போயிற்று. மழைக்கும் வரவில்லை. எனக்கு அது பெரிய தைரியமாக இருந்தது. செத்தவர் எழுந்து ஊருக்குள் வந்துவிடாதபடி தாத்தா காவல் இருக்கிறார் என்றுதான் எண்ணிக்கொண்டேன். அந்தப் பாதையில் வெளியூரிலிருந்து வருபவர்களை எல்லாம் அவர் எழுந்து போய்ப் பார்ப்பதைக் கவனித்திருந்தும், அதில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

சண்டை முடிந்துவிட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அதற்கப்புறம் சில மாதங்கள் கழித்து ஒரு மத்தியானம். அம்மாவும் அத்தையும் கடலைக்காய் பிடுங்கப் போயிருந்தார்கள். நான் வாசலில் புளியங்கொட்டை வைத்து விளையாடிக்கொண்டிருந்தேன். தலை தூக்கிப் பார்த்தால் ஏரிப் பக்கமிருந்து தாத்தா வருகிறார். அவர் தோளில் ஓர் ஆள் சாய்ந்திருந்தார். காக்கி உடுப்பு. கன்னம் ஒட்டி, நிறம் மஞ்சளடித்து, கடும் வெயிலில் போர்வையைச் சுற்றிக்கொண்டு கிடுகிடுவென்று நடுங்கிக்கொண்டிருந்தார். தாத்தா அவரை இரண்டு கைகளாலும் அணைத்து, அவர் முகத்தைத் தன் கழுத்தில் சாய்த்துக்கொண்டு, மெல்ல மெல்ல நடத்திக்கொண்டு வந்தார்.

தாத்தா தன் தம்பியை எழுப்பிக் கூட்டி வருகிறார். எனக்கு அதில் கொஞ்சமும் சந்தேகம் இல்லை. உள்ளே ஓடிக் கதவைச் சாத்தித் தாழ் போட்டேன். உலக்கையையும் இழுத்து முட்டுக் கொடுத்தேன்.

“கதவத் தொற கண்ணு” என்றார் தாத்தா.

“மாட்டேன். போகச் சொல்லு! வரக் கூடாது! போகச் சொல்லு!”

பிறகு அந்த ஆளின் குரல், பற்கள் அடித்துக்கொள்ள, என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. நான் இன்னும் பலமாகக் கத்தினேன்.

அக்கம்பக்கத்தார் ஓடிப்போய் அம்மாவை அழைத்து வந்தார்கள். அம்மாவின் அழுகை கேட்ட பிறகுதான் தாழை எடுத்தேன். வாசற்படியில் அப்பா தாத்தாவின் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தார். மலைக்காய்ச்சல் அவரை விட்டு நீங்க மேலும் பல வாரங்கள் ஆயின. அவ்வளவு நாளும் தாத்தாதான் பக்கத்தில் இருந்தார். அப்பாவின் வேர்வையைத் துடைத்ததும், அவர் வாய் வைத்த அதே குவளையில் தண்ணீர் குடித்ததும் அவர்தான்.

கதவைச் சாத்தியதற்கு அடி விழும் என்று அன்று மாலை நான் தானியக் குதிருக்குப் பின்னால் ஒளிந்திருந்தேன். தாத்தா தேடிக்கொண்டு வந்து எதிரில் குந்தினார். அடிக்கவில்லை.

“ரொம்ப பயந்துட்டியா கண்ணு?” என்றார்.

தலையாட்டினேன்.

“பயத்துல என்னா பண்றதுன்னே தெரியலதான?”

“ஆமா தாத்தா.”

“ஆமான்னு இன்னொருக்கா சொல்லு.”

சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டு நெடுநேரம் அப்படியே இருந்தார். என் உள்ளங்கை நனைந்தது. தாத்தா எனக்கு ஆறுதல் சொல்ல வந்திருக்கிறார் என்றே அன்று நினைத்துக்கொண்டேன்.