மடியில் படுத்த கிட்டார்

பலகை அறுக்கும் கம்பெனியில் இயந்திரம் என் இடது கையில் சுண்டுவிரலையும் மோதிர விரலையும் எடுத்துக்கொண்ட பிறகு நான் இரண்டு பேரோடு உறவை முறித்துக்கொண்டேன். ஒன்று நான் கும்பிட்ட முருகன், இன்னொன்று கிட்டார். பீடோர் பக்கம் எங்கள் தோட்டத்தில் என் கிட்டார் இல்லாமல் ஒரு கல்யாண வீடும் களைகட்டியதில்லை. அப்படிப்பட்டவன் ஈப்போ டவுனுக்கு வந்து காவலாளி வேலை பார்த்த காலத்தில், பக்கத்தில் யாராவது பாட்டுப் போட்டால்கூட எழுந்து போய்விடுவேன்.

எனக்கு ஒரு கூட்டாளி. தோட்டத்தில் ஒரே லயத்து வரிசையில் அடுத்தடுத்த வீட்டில் வளர்ந்தோம். கிறிஸ்தவன், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் உக்குலேலே என்ற குட்டிக் கிட்டார் வாசிப்பான். பார்க்கும்போதெல்லாம், "உனக்காக ஜெபம் பண்றேன் மச்சான்" என்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "விரல் முளைக்கிற அன்னைக்குச் சொல்றேன், வந்து பாரு" என்று எரிந்து விழுவேன். எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி கேட்டுக்கொண்டு, மறுவாரமும் வந்து நிற்பான்.

ஒருநாள் பழைய சாமான் சந்தையில் வாங்கியதாக ஒரு கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தான். என் கையைத் தெரிந்தும் இப்படிச் செய்கிறானே என்று கோபம் தலைக்கேறியது.

"இது ஹவாய் கிட்டார் லா. விரலால அழுத்த வேணாம். மடியில படுக்கப் போட்டு, இரும்பைக் கம்பி மேல இழுக்கணும். விரல்தானே போச்சு, மடி இருக்குதானே?"

சிரிக்கக் கூடாது என்றுதான் இருந்தேன். சிரித்துவிட்டேன்.

மிஞ்சிய மூன்று விரலால் இரும்புத் துண்டைப் பிடித்து இழுத்தேன். வாலை மிதித்த பூனை மாதிரி ஒரு சத்தம். அவன் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு மறுபடி இழுத்தேன். இழுக்க இழுக்க, தைப்பூசத்தில் பாடும் ஒரு பாட்டின் முதல் அடி தானாக வந்தது. அந்தக் குழைவு என் பழைய கிட்டாரில் வந்ததே இல்லை. முருகனோடு பேச்சுவார்த்தை அப்படித்தான் மறுபடி ஆரம்பித்தது.

நாங்கள் தேத்தண்ணி குடிக்கும் முஸ்லிம் கடை முதலாளி கேள்விப்பட்டு, "எனக்கும் பாஸ் கிட்டார் கொஞ்சம் வரும்" என்று சேர்ந்துகொண்டார். அவர் கடை மாடியில்தான் ஒத்திகை. வெள்ளி அவருக்கு ஆகாது, ஞாயிறு கூட்டாளிக்கு ஆகாது, செவ்வாய்க்கிழமைகளில் நான் கோயிலுக்குப் போகத் தொடங்கியிருந்தேன். மூன்று பேருக்கும் தோதாகச் சனிக்கிழமை. பிற்பகல் அசர் தொழுகை முடிந்து அவர் மேலே வந்ததும் தொடங்குவோம். பூப்போட்ட சட்டைகளை அவரே வாங்கினார். எனக்கு வாய்த்தது வாழைப்பூ நிறம். வாசிப்பு சுமார்தான். ஹவாய்க்காரன் யாராவது கேட்டிருந்தால் கடலில் குதித்திருப்பான். ஆனாலும் அந்தச் சனிக்கிழமைக்காக நான் வெள்ளிக்கிழமையே சவரம் செய்துகொள்ள ஆரம்பித்தேன்.

முதல் மேடை கூட்டாளியின் சர்ச்சில், அறுப்பின் பண்டிகைக்கு. வாசிப்பதற்கு முன் அவன் எழுந்து, ஆண்டவர் தனக்குச் செய்ததைச் சாட்சியாகச் சொல்லப் போகிறான் என்று அங்கே போன பிறகுதான் தெரிந்தது. எனக்குச் சுருக்கென்றது. 'என் ஜெபத்துக்குப் பலன் இதோ' என்று என் கையைக் காட்டுவான், நான் சந்தையில் நிற்கும் மாடு மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும்.

"அப்படி ஏதாவது சொன்னான்னா எறங்கிப் போயிருவேன். அப்புறம் இந்தக் கிட்டாரையும் தொட மாட்டேன்" என்றேன் கடைக்காரரிடம்.

"மொதல்ல கேளுங்க அண்ணே" என்றார் அவர்.

கூட்டாளி மைக்கைப் பிடித்தான். நான் கிட்டாரை மடியிலிருந்து பாதி இறக்கியிருந்தேன்.

"இவனுக்கு விரல் திரும்ப வரணும்னு ரொம்ப வருசம் ஜெபம் பண்ணேன். ஆண்டவர் தரலை. எனக்கு அவர் மேல கோவம்கூட வந்துச்சு. அப்புறம் விரலை விட்டுட்டேன். இவனையாவது திருப்பிக் கொடுங்கன்னு கேட்டேன்." என் பக்கம் திரும்பினான். "இந்தா, உட்கார்ந்திருக்கான்."

மைக்கை வைத்துவிட்டு வந்து உக்குலேலேயை எடுத்துக்கொண்டான்.

எனக்காக நான்கூட முருகனிடம் அப்படிக் கேட்டதில்லை. விரலைத்தான் கேட்டேன்.

"ஆரம்பிக்கலாமா அண்ணே?" என்றார் கடைக்காரர்.

கிட்டாரை மறுபடி மடியில் படுக்கவைத்தேன். கண்ணீர் மறைத்ததால் இரும்புத் துண்டைத் தடவித்தான் எடுக்க வேண்டியிருந்தது. அவர்கள் இருவரும் காத்திருந்தார்கள்.