சருவத்துக்கு எண் இல்லை

மாமியின் மீன் சருவத்தில் மூன்று நெளிவுகள் உண்டு. மீன் சுமக்கிற அகன்ற அலுமினியப் பாத்திரத்தை எங்கள் கடற்கரையில் சருவம் என்போம். முதல் நெளிவு, எங்கள் கிளப்பின் பின்கள ஆட்டக்காரன் ஓங்கி உதைத்த பந்து பட்டு விழுந்தது. இரண்டாவது, கிடைக்காத பெனால்டிக்காக மாமி அதை நடுவரை நோக்கி உருட்டிவிட, அது அவர்மேல் படாமல் கோல்கம்பத்தில் மோதியதால் வந்தது. மூன்றாவது, நாங்கள் கோப்பையை வென்ற சாயங்காலம் மாமி அதைக் கவிழ்த்து, மேலே ஏறி நின்று குதித்ததால் ஆனது. மூன்றுக்கும் நாள், எதிரணி, கோல் கணக்கு எல்லாம் என் குறிப்பேட்டில் இருக்கின்றன.

மாமி என் அப்பாவின் தங்கை. தேங்காய்ப்பட்டணத் துறைமுகத்தில் மீன் எடுத்து சுற்றியுள்ள ஊர்களில் விற்பவள். ஆட்டமுள்ள நாட்களில் விற்பனையைச் சீக்கிரம் முடித்துவிட்டு நேரே மைதானத்துக்கு வருவாள். அவளுடன் இன்னும் ஆறேழு மீன்காரப் பெண்கள் வருவார்கள். மைதானத்தின் மேற்குப் பக்கம், நடுக்கோட்டுக்கு நேரே, தென்னை நிழலில் அவர்கள் இடம். அப்போது மைதானத்தைச் சுற்றி வேலி கிடையாது. கரையிலிருந்து இழுக்கிற பழைய கரமடி வலையின் கயிறுதான் எல்லை. கயிற்றுக்கு இப்பால் சருவங்களைக் கவிழ்த்து, தலைச்சும்மாட்டை மேலே வைத்து உட்காருவார்கள். கோல் விழுந்தால் எழுந்து சருவத்தை உள்ளங்கையால் அறைவார்கள். அந்தச் சத்தத்தை எதிரணிகள் வெறுத்தன. இந்தப் பெண்கள் யாரும் கிளப்பின் உறுப்பினர்கள் அல்ல. ஆனால் ஆட்டத்தன்று காலை ஒவ்வொருத்தியும் தன் சருவத்திலிருந்து நல்ல மீனாக ஒன்றை எடுத்து அணிக்கென்று ஒதுக்குவாள். ஆட்டக்காரர்களின் மத்தியானச் சோறு அந்த மீனில்தான் இறங்கியது. யாரும் அதை எழுதி வைத்ததில்லை. எல்லாவற்றையும் எழுதி வைக்கிற நானும் எழுதவில்லை.

செயலாளரை எனக்குப் பிடிக்காது. இதை முன்பே சொல்லிவிடுவது ஒழுங்கு. வளைகுடாவில் ஃபோர்மேனாக இருந்து திரும்பியவர். வந்த மறு வருடமே செயலாளர் ஆனார். கையில் வாக்கி டாக்கி வைத்திருப்பார். மறுமுனையில் இருப்பவர் இருபதடி தூரத்தில் நின்றாலும் அதில்தான் பேசுவார். "சிஸ்டம் வேணும்" என்பது அவர் வாயில் ஓயாத சொல். கயிறு போய் இரும்புக் குழாய் வேலி வந்தது அவர் காலத்தில்தான். தென்னை நிழலில் பந்தல் போட்டு, நன்கொடையாளர்களுக்கு உறையிட்ட நாற்காலிகள் போடத் திட்டமிட்டார். இருக்கை வரைபடம் தயாரிக்க ஆள் தேடினார். நான் அப்போது கிளப்பின் இணைச் செயலாளர். பள்ளி அலுவலகத்தில் எழுத்தர் வேலை. அளந்து, கோடிழுத்து, நிறம் கொடுத்து ஒன்றைச் செய்வதில் எனக்கு எப்போதும் ஒரு பெருமை உண்டு. நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் நாடாவைப் பிடித்து மைதானத்தை அளந்தேன். ஒவ்வொரு நாற்காலிக்கும் எண் கொடுத்தேன். பெண்கள் பகுதியைச் செயலாளர் சொன்னபடி கிழக்குப் பக்கம் குறித்தேன். உள்ளூர் ஆதரவாளர்கள் வடக்கு வாசல் வழியாக வர வேண்டும், கூடை, பாத்திரம் கொண்டுவரக் கூடாது என்று விதியும் அடியில் எழுதினேன். கவிழ்த்த சருவம் நாற்காலி அல்ல என்பதால் வரைபடத்தில் அதற்கு இடமில்லை. அப்போது அது எனக்குத் தப்பாகப் படவில்லை.

போட்டித் தொடரின் முதல் நாள் மாமியும் மற்றப் பெண்களும் வடக்கு வாசலுக்கு வந்தார்கள். வாசலில் நின்ற தொண்டர்கள் தடுத்தார்கள். செயலாளரே வந்துவிட்டார், அவர் பின்னால் நானும்.

"சருவத்த வெளிய வச்சிட்டு வாருங்க. சிஸ்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்."

"எனக்க எடத்துல இப்ப யாரு இருக்கா?"

"ஸ்பான்சர்மாரு."

"அவனுவளுக்கு நம்ம ஆளு எந்தப் பக்கம் கோல் போடணும்னாவது தெரியுமா?" என்றாள் மாமி. வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

செயலாளர் சிரிக்கவில்லை. "விருந்தாளிமாருக்கு மீன் வாடை ஆகாதும்மா" என்றார்.

"மத்தியானம் உனக்க பிளேயர்மாரு நெய்மீன் தின்னானுவள்லா? அதுக்கு வாடை இல்லியோ?"

அவர் வாசலில் மாட்டியிருந்த வரைபடத்தைக் காட்டினார். மாமி அதை நெடுநேரம் பார்த்தாள். "இத யாரு வரஞ்சா?" என்றாள். செயலாளர் என் தோளில் கைவைத்து, "உங்க மருமவன்தான். அருமையான வேலை" என்றார். அந்தக் கையை நான் தட்டிவிடவில்லை.

"எலே, நீயா? இதுல நான் எங்கலே இருக்கேன்?"

நான் கிழக்குப் பக்கத்தில் விரல் வைத்து, நூற்று நாற்பத்தொன்று என்றேன்.

"சாயங்காலம் அங்க இருந்தா வெயிலு கண்ணுல குத்தும். பந்து தெரியுமால? உன்ன நான் சின்னதுல எங்க இருத்திலே ஆட்டம் காட்டினேன்? வெயில்லயா?"

அவள் சும்மாட்டைத் தலையில் வைத்து, காலிச் சருவத்தை மேலே ஏற்றிக்கொண்டு நடந்தாள். மற்றவர்களும் பின்னால் போனார்கள். அந்தத் தொடரில் இறுதி ஆட்டம் வரை நாங்கள் வென்றுகொண்டே வந்தோம். பந்தலில் இருந்தவர்கள் இடைவேளையில் தேநீர் குடிக்கப் போனால் பாதிப் பேர் திரும்பி வரமாட்டார்கள். கிழக்கே இருந்தவர்கள் கையைப் புருவத்தில் வைத்துக்கொண்டு ஆட்டம் பார்த்தார்கள். கோல் விழுந்தபோது கைதட்டல் கேட்டது. சருவச் சத்தம் இல்லை. "மைதானமா, கல்யாண மண்டபமா?" என்று பழைய ஆதரவாளர்கள் என் முகத்துக்கு நேரே கேட்டார்கள். செயலாளரிடம் கேட்க அவர்களுக்குத் தைரியமில்லை.

இறுதி ஆட்டம் ஆற்றுக்கு அக்கரை ஊருடன். வெளியூர் அணியின் ஆதரவாளர்களுக்குத் தெற்கு வாசல். அவர்கள் நின்றுகொண்டே பார்க்கட்டும் என்று செயலாளர் சொல்லியிருந்ததால் அங்கே நான் நாற்காலியும் வரையவில்லை, விதியும் எழுதவில்லை. ஆட்டம் தொடங்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது அக்கரைக்காரர்கள் கொடியோடு உள்ளே வந்தார்கள். அவர்கள் நடுவே தலையில் சருவங்களோடு ஏழு பெண்கள். முன்னால் மாமி. செயலாளர் வாக்கி டாக்கியில் கத்தினார். வாசலில் நின்ற தொண்டர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "விசிட்டர்ஸுக்கு பாத்திரம் கூடாதுன்னு இதுல இல்லியே அண்ணே" என்று பதில் சொன்னார். என் வரைபடத்தில் அவ்வளவு நாளும் யாரும் கண்டுபிடிக்காத ஓட்டை அது.

மாமி சருவத்தைக் கவிழ்த்து உட்கார்ந்தாள். ஆட்டம் தொடங்கியதும் எழுந்துவிட்டாள். "எலே அக்கரைக்காரா, அந்த அஞ்சாம் நம்பருக்கு எடது காலு சும்மா ஊனி நிக்கதுக்காக்கும்! அந்தப் பக்கமா போ!" என்றாள். எங்கள் ஆட்டக்காரர்களின் பலவீனங்கள் ஊரில் வேறு யாரையும்விட அவளுக்குத்தான் தெரியும். இத்தனை வருடம் அவற்றை மறைக்கத்தான் அவள் கத்தினாள். அன்று ஒவ்வொன்றாகச் சந்தையில் மீன் விலை கூறுவதுபோலக் கூறினாள். எங்கள் பக்கத்திலிருந்து ஒருவன், "மாமி, அக்கரையில சம்பந்தம் பண்ணியாச்சா?" என்று கேட்டான். "அவனுவ இருக்க எடம் தந்தானுவ. நீங்க தந்தது வெயிலு" என்றாள். ஆட்டம் முடியப் போகும்போது, "கீப்பரு குனியமாட்டான், தரையோட அடி மக்கா!" என்றாள். தரையோடு அடித்தான். பந்து உள்ளே போனது. ஏழு சருவங்களும் முழங்கின. அந்த ஒரு கோலில் நாங்கள் தோற்றோம்.

மூன்று நாள் கழித்துக் கூட்டம். மாமி இனி எங்கள் மைதானத்துக்குள் வரக் கூடாது என்று செயலாளர் தீர்மானம் கொண்டுவந்தார். "ஊரைக் காட்டிக் கொடுத்தவர்" என்று சொல்லச் சொல்ல நான் எழுதினேன். எங்கள் பழைய கோல்கீப்பர் மட்டும் எழுந்து, "அவிய தந்த மீனத் தின்னுட்டாக்கும் நான் பத்து வருசம் கோல் காத்தேன். அவிய இருந்த எடத்த நாம எடுத்துக்கிட்டு, இப்ப அவியளக் குத்தம் சொல்லுதோம்" என்றார். "உணர்ச்சி வேண்டாம், சிஸ்டம் பேசுவோம்" என்றார் செயலாளர். கைகள் உயர்ந்தன. நான் கை உயர்த்தவில்லை. எதிர்க்கவும் இல்லை. குறிப்பு எழுதுபவர் வாக்களிப்பதில்லை என்ற வழக்கத்தைப் பிடித்துக்கொண்டு பேனாவோடு இருந்துவிட்டேன். அப்படி ஒரு வழக்கம் எங்கள் கிளப்பில் உண்டா என்று பிறகு பழைய குறிப்பேடுகளைப் புரட்டிப் பார்த்தேன். கிடையாது. செயலாளர்மேல் எனக்கு இருக்கிற வெறுப்பு உண்மையானதுதான். ஆனால் அவர் சொன்னதற்கெல்லாம் எழுத்து கொடுத்த கை என்னுடையது. மாமி அன்றிலிருந்து என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள். வீட்டுக்கு மீன் கொண்டுவருவதும் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் அணி அக்கரையில் ஆடியது. நான் இப்போது எந்தப் பொறுப்பிலும் இல்லை. அங்கே இன்னும் கயிறுதான். மேற்குப் பக்கம், நடுக்கோட்டுக்கு நேரே, மாமி உட்கார்ந்திருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். அவள் திரும்பவில்லை. இடைவேளையில் அவள் தண்ணீர் குடிக்க எழுந்தபோதுதான் சருவத்தைப் பார்த்தேன். நெளிவுகள் நான்கு. நான்காவது விளிம்பருகே, ஆழமாக, புதிதாக இருந்தது.

"இது எந்த ஆட்டத்துல விழுந்தது மாமி?" என்று கேட்டேன்.

"உனக்க நோட்டுல இல்லியா?"

"இல்ல."

"பின்ன அது உனக்கு உள்ளதில்லலே" என்றாள். பக்கத்தில் இருந்தவளிடம், "ஏட்டி, இவனுக்கு ஒரு நாக்காலி கொண்டு போடச் சொல்லு. நம்பரு இல்லாம இவனுக்கு இருக்கத் தெரியாது" என்றாள். கயிற்றோரம் இருந்த பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

நான் நின்றே பார்த்தேன். இரண்டாம் பாதியில் அக்கரை அணி எங்களுக்கு எதிராகக் கோல் போட்டது. மாமி எழுந்து சருவத்தை அறைந்தாள். அவள் கை விழுந்தது அந்த நான்காவது நெளிவுக்குப் பக்கத்தில்.