கிழிவதற்கென்றே ஒரு தையல்

போன வாரம் செவ்வாய்க்கிழமை. சென்னையில் ஒரு ஏ.சி. அறை. கொக்கியில் ஒரு கைப்பை தொங்குகிறது. உள்ளே பத்து கிலோ எடைக்கல். மூன்று பேர் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பர்ர்ர்... பிடி மேலே, பை கீழே. எடைக்கல் உருண்டு என் காலடியில் வந்து நின்றது.

அந்தப் பையைத் தைத்தது யார்? நான்தான்.

புது வாசகர்களுக்காக ஒரு வார்த்தை – பழைய வாசகர்கள் பொறுத்துக்கொள்ளவும். நான் நாலாம் வகுப்போடு நின்றவன். சைக்கிள் சீட்டுக்கு உறை தைத்து ஆரம்பித்தேன். இன்று சேரப்பணஞ்சேரியில் என் பட்டறையில் முப்பது மெஷின் ஓடுகிறது. என் தோல் பையில் அங்குலத்துக்குப் பத்துத் தையல் இருக்கும். எண்ணிப் பாருங்கள். ஒன்பது இருந்தால் காசு வேண்டாம், பையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். பெருமையடிக்கிறேன் என்கிறீர்களா? அடிக்க ஒன்று இருக்கிறது, அடிக்கிறேன்.

ஆனால் அன்று பிய்ந்த பை மாட்டுத் தோல் இல்லை. மாம்பழம்!

எஸ்தர் என்று ஒரு பெண். படப்பைக்காரி. ஒரகடத்தில் கார் கம்பெனி ஒன்றில் பெயிண்ட்டைச் சோதிக்கும் வேலையில் இருந்தாள். இரண்டு வருடம் முன்பு அதை விட்டுவிட்டு, என் பட்டறைக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு ஷெட் பிடித்தாள். மாம்பழக் கூழ் எடுக்கும் இடங்களில் மிஞ்சுகிற தோலையும் நாரையும் டிரம் டிரம்மாகக் கொண்டுவருவாள். அதைக் காய்ச்சி, அரைத்து, பருத்தித் துணி மேல் பூசி, உலர்த்தி, கடைசியில் ரப்பர் பால் ஒரு பூச்சு. ஷீட் ரெடி. தள்ளி நின்று பார்த்தால் தோல் என்று நீங்கள் சத்தியம் செய்வீர்கள்.

முதல் தடவை கொண்டுவந்தபோது சிரித்துவிட்டேன். சிரித்தேனே தவிர, அதிலிருந்து கையை எடுக்க முடியவில்லை. மோந்து பார்த்தேன். நாக்கில் வைத்துப் பார்த்தேன் – லேசான புளிப்பு. ஓரத்தில் தீக்குச்சி வைத்தேன். மாட்டுத் தோல் என்றால் முடி கருகுகிற நாற்றம் வரும். ரெக்ஸின் என்றால் உருகிச் சொட்டும். இதுவோ வெல்லம் தீய்ந்த வாசனை, பின்னாலேயே கொஞ்சம் ரப்பர், அப்புறம் சாம்பல். அடடா என்று இருந்தது எனக்கு!

ஒரு மாட்டுத் தோலை விரித்தால் அந்த மாட்டின் ஜாதகத்தையே சொல்லிவிடுவேன். இங்கே வேலிக் கம்பி கிழித்தது, இங்கே உண்ணி கடித்தது, இங்கே நுகத்தடி தேய்த்தது... தழும்புகளை ஒதுக்கி ஒதுக்கி வெட்டுவதில்தான் இருக்கிறது என் வித்தை. இந்த ஷீட்டில் ஒரு தழும்பு இல்லை. எங்கே கத்தியை வைப்பது என்றே எனக்குத் தெரியவில்லை.

"இதுல கழுத்து எது, வயிறு எதும்மா?" என்று கேட்டேன்.

"எல்லா எடமும் ஒண்ணுதான் அங்கிள். மாங்காய்க்கு ஏது வயிறு?" என்றாள்.

சரி, அந்த ஷீட்டில் நான் தைத்த சாம்பிள் பை தொங்கிய ஏ.சி. அறைக்கு வருகிறேன். பைகளுக்கு ஆர்டர் தர வேண்டிய அம்மாள் கிழிந்த பிடியை எடுத்துப் பார்த்தார். "லுக் சூப்பர், எஸ்தர். ஆனா மெட்டீரியல்ல ஸ்ட்ரெங்த் இல்லை. இதுல இனிமே சாம்பிள் வேண்டாம்."

எஸ்தர் என்னைப் பார்த்தாள். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். ஆட்டினேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வரும்போது வண்டலூர் தாண்டியதும், ஷிஃப்ட் விட்ட கம்பெனி பஸ்கள் எதிரில் வரிசையாக வந்தன. எஸ்தர் அவற்றையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"பழைய கம்பெனியில கூப்புடறாங்க அங்கிள். திங்கக்கிழமை ஜாயின் பண்ணணுமாம். பண்ணிடறேன்."

"ஷெட்டு?"

"காலி பண்ணிட வேண்டியதுதான். ரெண்டு வருஷம் போதும்."

நானும் தடுக்கவில்லை. சரக்கே சரியில்லை என்று ஆகிவிட்டதே.

மறுநாள் காலை. கிழிந்த பை என் மேஜை மேல் கிடந்தது. சரளா அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சரளா முன்பு ஒரு கார் சீட் கம்பெனியில் லைனில் தைத்துக்கொண்டிருந்தவள். கான்ட்ராக்ட் முடிந்து, நாலு மாதம் முன்பு என்னிடம் வேலை கேட்டு வந்தாள். நூல் பிசிறு வெட்டும் வேலை கொடுத்தேன். "லைன்ல தைக்கறதெல்லாம் ஒரு தையலா?" என்றும் கேட்டிருக்கிறேன். மறந்திருக்க மாட்டாள்.

"மொதலாளி, நூலு அறலயே" என்றாள்.

"இன்னா?"

"நூலு அப்டியே கீது பாருங்க. ஓட்டைக்கு ஓட்டை ஷீட்டுதான் அந்துகினு வந்துகீது. ஏர்பேக் சீம் மாதிரி."

"அது இன்னா சீமு?"

"கார் சீட்டு சைடுல உள்ள ஏர்பேக் வெச்சிருப்பாங்க. வண்டி மோதினா அது சீட்டைப் பிச்சிகினு வெளிய வரணும் இல்ல? அந்த எடத்துல மட்டும் கிழியறதுக்குன்னே ஒரு தையல் போடுவோம். மெல்லிசு நூலு, தனி மெஷினு. கிழியலன்னாதான் ரிஜெக்ட்டு. அங்க நூலு வுட்டுப்பூடும், இங்க ஷீட்டு வுட்டுப்பூட்ச்சி. ரெண்டும் ஒண்ணுதான்."

"என் தையல கொற சொல்றியா?"

"ஐயே, உங்கள சொல்வனா மொதலாளி? மாங்காவ சொல்றேன்." சொல்லிவிட்டு வாயை மூடிச் சிரித்தாள்.

எனக்கு முதலில் கோபம் வரும். பின்னாலேயே ஆர்வம் வரும். நான் பிழைத்ததே அந்த வரிசையால்தான். ஷீட்டை ட்யூப்லைட்டுக்கு எதிரே தூக்கிப் பிடித்தேன். என் ஊசியின் நுனி சின்னக் கத்தி மாதிரி இருக்கும். மாட்டுத் தோலை அறுத்துக்கொண்டு போக அதுதான் வேண்டும். தோலுக்குள் நார்கள் தாறுமாறாகப் பின்னிக் கிடப்பதால், அறுத்த இடத்தில் அவையே நூலை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். மாம்பழ ஷீட்டில் பிடிக்க ஆளில்லை; அடித்துணியின் இழையையும் ஊசி அறுத்துவிடுகிறது. ஊசி போட்ட ஓட்டை ஓட்டையாகவே இருக்கிறது. அங்குலத்துக்குப் பத்து ஓட்டை! தபால் தலைகளுக்கு நடுவே இருக்குமே, அந்த மாதிரி. நான் தைக்கவில்லை – கிழிக்க வழி போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

"மெஷின்ல உக்காரு" என்றேன் சரளாவிடம்.

நுனி உருண்டையான ஊசி – அறுக்காது, விலக்கிக்கொண்டு போகும். அங்குலத்துக்கு ஆறே தையல். ஓரத்தை மடித்து, அடியில் பருத்தி நாடா. அடுத்த நாள் காலையில் பத்து கிலோவோடு கொக்கியில் மாட்டினோம். சாயங்காலம் வரை அசையவில்லை. நான் இன்னும் இரண்டு கல்லை எடுத்து உள்ளே போட்டேன்.

"போதும் மொதலாளி. பை நல்லாத்தான் கீது, கொக்கிதான் பாவம்" என்றாள் சரளா.

இனிமேல்தான் கஷ்டமான வேலை. சென்னை அம்மாள் அந்த ஷீட்டையே ஒதுக்கிவிட்டார். தப்பு ஷீட்டில் இல்லை என்று யாராவது சொன்னால்தான் மறுபடி பார்ப்பார். யார் சொல்வது? மேஜையில் வைத்த டீ ஆறியது. வேறு வழி இருந்திருந்தால் சொல்லியிருப்பேனா? உண்மையைச் சொன்னால், தெரியவில்லை. வழி இல்லை, போனை எடுத்தேன்.

"மேடம், கிழிஞ்சது மாங்கா இல்ல. என் தையலு."

"சார்... உங்க தையலா?"

அந்தக் கேள்வி வலித்தது. ஆனால் அதற்குள் ஒரு பாராட்டும் இருந்தது, எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை அதே அறை, அதே கொக்கி. எஸ்தரோடு சரளாவையும் அழைத்துப் போயிருந்தேன். நாலு மணி நேரம் தொங்கியது பை. அந்த அம்மாளே எழுந்து போய்ப் பிடியை இழுத்துப் பார்த்தார். பிறகு ஆர்டர் எழுதினார். சின்ன ஆர்டர்தான். எஸ்தர் பாத்ரூம் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

இந்த ஷீட் மழையில் எப்படி இருக்கும்? இரண்டு கோடையைத் தாங்குமா? தெரியாது. என் ஸ்கூட்டர் சீட்டில் ஒரு துண்டைப் போர்த்தி வெயிலில் விட்டிருக்கிறேன், தினமும் தடவிப் பார்க்கிறேன். ஒன்று மட்டும் இப்போது புரிகிறது. புதுப் பொருள் ஒன்று வந்தால் அதைத் தட்டிப் பார்க்கிறோம், கொளுத்திப் பார்க்கிறோம், தொங்கவிட்டுப் பார்க்கிறோம். அதைப் பிடிக்கிற நம் கையை யார் சோதிக்கிறார்கள்?

இந்தத் திங்கட்கிழமை காலை எஸ்தரின் ஷெட்டில் இருந்தேன். கை நிறையக் கூழோடு ஷீட் பூசிக்கொண்டிருந்தாள். அவள் போன் அடித்தது. பழைய கம்பெனி.

"அங்கிள், நீங்களே எடுத்துச் சொல்லிடுங்க."

எடுத்தேன். "மேடம் எத்தனை மணிக்கு ஜாயின் பண்றாங்க சார்?" என்றது ஒரு பையன் குரல்.

"அவங்க வரலப்பா. இங்க வேலை நடக்குது."

"நீங்க யாரு சார், அவங்க ஃபாதரா?"

"இல்லப்பா. அவங்க ஷீட்ட கிழிச்ச ஆளு பேசறேன்."