லினெட் சொல்லாமல் விட்ட சாரி

எங்கள் முதியோர் இல்லத்தின் நீண்ட நடையைத் திங்கட்கிழமைகளில் துடைப்பது லினெட் ஹோல்ராய்டின் வேலை. இங்கிலாந்தில் இதே ஹாலிஃபாக்ஸ் ஊரில் பிறந்து, இங்கேயே அறுபத்துநாலு வயதானவள். துடைப்பம் நாற்காலிக் காலில் இடித்தால் நாற்காலியிடம் சாரி சொல்வாள். பஸ்ஸில் யாராவது அவள் காலை மிதித்தாலும் அவள்தான் சொல்வாள். காது கேட்காவிட்டால் சாரி, வழி விடச் சொல்லவும் சாரி. சண்டையைத் தொடங்குவதும் அதில்தான். "சாரி, இந்தக் கப்பை யாரு கழுவாம வச்சது?" என்று அவள் கேட்டால் கூட வேலை செய்கிற நாங்கள் மெதுவாக நகர்ந்துவிடுவோம். இந்த ஊரில் எல்லாரும் அப்படித்தான். அவள் கொஞ்சம் அதிகம்.

"நீ செத்தா, பொட்டிகிட்ட சாரி சொல்லிட்டுத்தான் உள்ள படுப்பே" என்பார் அவள் புருஷன் டெரிக்.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை, துடைத்து முடித்தவள் மஞ்சள் எச்சரிக்கைப் பலகையை வைக்க மறந்து டீ குடிக்கப் போய்விட்டாள். எண்பத்தொன்பது வயது ஐவி கிளெக் அந்த ஈரத்தில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது.

மறுநாள் மேலாளர் ட்ரூடி அவளைக் கூப்பிட்டனுப்பினாள். இன்சூரன்ஸ் விசாரணை முடியும்வரை ஐவியின் குடும்பத்தாரிடம் அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்லக்கூடாது. சொன்னால் தப்பை ஒப்புக்கொண்டதாகிவிடும், வேலையும் போய்விடும் என்றாள். பென்ஷனுக்கு இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. நெஞ்சுவலிக்குப் பிறகு டெரிக் வேலைக்குப் போவதில்லை.

அன்றிலிருந்து லினெட் யாரிடமுமே அதைச் சொல்வதில்லை. பழக்கத்தில் வாய் தவறிவிடுமோ என்ற பயம். பஸ்ஸில் ஒருவர் மேல் மோதிவிட்டுக் கல்லாட்டம் நின்றாளாம். அவர் முறைத்துக்கொண்டே இறங்கினாராம். என்னிடம் சொல்லி அழுதாள்.

வெள்ளிக்கிழமை ஐவியின் மகள் ஹேசல், ஆஸ்பத்திரிக்கு அம்மாவின் துணிகளை எடுத்துப்போக வந்தாள். லினெட்டும் நானும் ஐவியின் அறையில் இரவு உடைகளை மடித்துக்கொண்டிருந்தோம். ட்ரூடி அன்று லீவு. நான் யாரிடமும் போய்ச் சொல்கிறவள் இல்லை. அது லினெட்டுக்கும் தெரியும்.

ஹேசல் குரலை உயர்த்தவில்லை. "அம்மாவுக்கு உங்க மேல கோவம் இல்ல" என்றாள். "லினெட் ஒரு வார்த்தை சொன்னாளான்னு தினம் கேக்குறாங்க. நான் என்னன்னு போய்ச் சொல்றது?"

லினெட் மடித்த உடையைப் பிரித்து மறுபடி மடித்தாள். பிறகு ட்ரூடி எழுதிக் கொடுத்ததை ஒப்பித்தாள். "நடந்ததுக்காக இல்லம் ரொம்பக் கவலைப்படுது."

"இல்லத்தை யாரு கேட்டா? நான் உங்களைக் கேட்டேன்."

லினெட்டின் உதடு அசைந்தது. சொல்லிவிடுவாள் என்றே நினைத்தேன். சொல்லிவிடு என்றும் நினைத்தேன், வேண்டாம் என்றும் நினைத்தேன்.

"ஞாயித்துக்கிழமை நான் வந்து அவங்களைப் பாக்கலாமா?" என்று கேட்டாள்.

ஹேசல் துணிகளைப் பெட்டியில் வைத்து மூடினாள். கோட்டுப் பொத்தான்களை மேலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டாள். அப்படியே வெளியே போய்விட்டாள்.